ஒன்றேகாலா, ஒன்றரையா

நம் வயதுக்காரர்களுக்குக் கார்ப்பரேட்டர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. காலை நேரத்தில் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, சோக்கை இழுத்துவிட்டு, உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போனவர்கள் நாம். வண்டி கிளம்பாவிட்டால் "கார்ப்பரேட்டர்ல அடைப்பு" என்று பெரிய டாக்டர் மாதிரித் தலையை ஆட்டியவர்கள். பேரப்பிள்ளைகள் யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களுக்காக ஒரு வரி சொல்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் பக்குவமாகக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற உலோகச் சாமான் அது. கூடுதலாக ஊட்டினால் வண்டி புகையும், குறைவாக ஊட்டினால் இருமும். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சாமானால் எங்கள் வீட்டில் ஒரு வாழ்க்கை திசைமாறிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓசூரில் அப்போது கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் வீடு பெங்களூர் போகும் பழைய ரோட்டை ஒட்டி இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. அப்பா பெங்களூர் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், உடைப்புக்கு வந்த கார்களிலிருந்து கார்ப்பரேட்டர்களை மட்டும் கழற்றி வாங்கிவருவார். அதுவும் குட்டிக் கார்களுடையது மட்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போனது, ரிட்டயர்டு ராணுவ அதிகாரிகள் வைத்திருந்தது, டாக்டர்கள் ஆசைக்கு ஓட்டியது என்று தலை உருண்டையான சின்னச் சின்னக் கார்கள் அந்தப் பக்கம் நிறைய ஓடின. அவற்றுக்கு உதிரிச் சாமான் கிடைக்காது. எங்கள் கொட்டகையில் கிடைக்கும்.

அப்பாவின் கணக்கில் கார்ப்பரேட்டர் இரண்டே சாதி. குடம், மொட்டை. தலையில் கவிழ்த்த குடம் மாதிரி ஒரு மூடி இருந்தால் குடம். இல்லாவிட்டால் மொட்டை. குடத்துக்குள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதன் அடியில் ஒரு ஊசி தொங்கி, கீழே இருக்கிற துளைக்குள் இறங்கும். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் 'டக்' என்று விழ வேண்டும். அந்தச் சத்தம் சுத்தமாக வந்தால் ஊசி நேராக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நாள் முழுக்க அந்த 'டக்' கேட்டுக்கொண்டே இருக்கும். பல்லி சத்தத்துக்குப் பலன் பார்ப்பது மாதிரி அம்மா அதற்கும் பலன் சொல்லிக் கேலி செய்வாள்.

அளவு பார்க்க அப்பாவுக்கு அளவுகோல் வேண்டாம். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்துக் கார்ப்பரேட்டரின் வாய்க்குள் விடுவார். கணு வரைக்கும் தாராளமாகப் போனால் ஒன்றரை அங்குலம். இடித்துக்கொண்டு நின்றால் ஒன்றேகால். அடுத்து, இன்ன வண்டியுடையது என்பார். கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிக்கும். அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் மூன்றாவதோடு சரி. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. அதை வெளியே காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

அக்கா பத்தாவது முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். எனக்குப் பத்து, அவளுக்குப் பதினெட்டு. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது அவள் வேலை. கழுவப் போனவள் கவனிக்க ஆரம்பித்தாள். குடத்தின் பக்கத்தில் பெட்ரோல் நிற்கிற சின்னப் பாத்திரம் ஒன்று இருக்கும். அதன் மூடியில், திருகாணிக்கு அடியில், நகம் அளவு அலுமினியத் தகடு ஒன்று செருகியிருக்கும். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். ஊசியின் கழுத்திலும் எறும்புக்கால் மாதிரி இரண்டு எழுத்து. பிஸ்டனை அழுத்துகிற ஸ்பிரிங்கின் நுனியில் வண்ணப் பூச்சு. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒரே அளவு குடம் நாலு வகைக் காருக்கு வரும். விரலை விட்டுப் பார்த்தால் நாலும் ஒன்றேகால்தான். ஆனால் தகட்டு எண் வேறு, ஊசி வேறு, ஸ்பிரிங் வேறு. மாற்றிப் போட்டால் வண்டி மேட்டில் ஏறாது.

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டாள். கார்ப்பரேட்டரின் வாயைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவாள். திருகு ஓட்டை இரண்டா நாலா என்று குறிப்பாள். பக்கத்தில் தகட்டு எண், ஊசி எழுத்து, ஸ்பிரிங் நிறம், எந்தக் காரிலிருந்து வந்தது என்ற விவரம். அந்த நோட்டைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாசம் வரும். இன்றைக்கும் யாராவது மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தால் எனக்கு அக்காவின் கையெழுத்துதான் ஞாபகம் வருகிறது. அந்த நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. அடுப்புக்குப் போயிருக்கும்.

அவளும் அப்பா பிள்ளைதான். ஒரு சாமான் என்னவென்று புரியாவிட்டால் தெரியாது என்று கீழே வைக்கமாட்டாள். சோறு தண்ணி மறந்து அதையே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் மாங்காய் சீசனில்தான் எல்லாம் நடந்தது. கல்லாவியிலிருந்து அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, சாக்குச் சாக்காக மாம்பழம் அனுப்பியிருந்தார். வீடு முழுக்கப் பழ வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து கிடந்தது. அக்கா கிருஷ்ணகிரியிலிருந்து பாலிடெக்னிக் விண்ணப்பம் ஒன்று வாங்கி வரச்செய்து, பூர்த்தி செய்து, அப்பாவின் கையெழுத்துக்காக அலமாரியில் வைத்திருந்தாள். மெக்கானிக்கல் பிரிவு. பொம்பளைப் பிள்ளை அதைப் படிக்கிறதா என்று அம்மா மூக்கில் விரல் வைத்தாள். அப்பா "பாக்கலாம்" என்றார். அப்பா மாட்டேன் என்று சொல்லாமல் பாக்கலாம் என்றாலே முக்கால்வாசி சரி என்று அர்த்தம். அக்கா அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர் மூலமாகத்தான் போக்குவரத்து. அவர் சாக்குப் பையில் கார்ப்பரேட்டரைச் சுற்றிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவேன். அப்பா பார்த்து, இன்னதுதான் என்று மறுநாள் கண்டக்டரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்புவார். கண்டக்டர் அங்கே போய் ஒப்பிப்பார்.

ஒரு நாள் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் எதிரில், "உங்க ஆளு சொன்ன ஸ்பிரிங்கப் போட்டா வண்டி மேட்டுல நின்னுபோவுதாம். ஒண்ணேகாலு சரிதானாம், மத்ததெல்லாம் தப்பாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கொட்டகையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்கா கதவருகில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பையைக் கட்டும்போது அக்கா அதற்குள் ஒரு சீட்டு வைத்தாள். மெக்கானிக்குக் கன்னடமும் கொஞ்சம் ஆங்கிலமும் எழுத வரும், தமிழ் படிக்கத் தெரியாது. அக்காவுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அதனால் இருவருக்கும் பொதுவாக ஆங்கிலம்தான். அவளுடைய பத்தாவது ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தை. ஊசி எழுத்து, ஸ்பிரிங் நிறம், அவ்வளவுதான்.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்டி," என்றாள்.

"ஏன்க்கா?"

"அவுரு சொன்னது பத்தலைன்னு நான் எழுதினேன்னா அவுருக்கு எப்படி இருக்கும்? அவுரு சொன்னதாவே போவட்டும். யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது. என் தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு."

நான் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய ரகசியத்துக்குப் பங்காளி ஆகிவிட்டேன் அல்லவா.

வண்டி ஓடியது. மெக்கானிக்கும் பதில் சீட்டு வைக்க ஆரம்பித்தார். அடுத்த கார்ப்பரேட்டர், அடுத்த சீட்டு. அவர் சீட்டுகளை அக்கா ஸ்பிரிங் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். அவள் சீட்டு எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். தன் படிப்பு ஒரு வண்டியை ஓட வைக்கிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்ட மாதிரியே நடந்துகொண்டாள்.

ஆனி மாதம் பிறந்த சமயம், எனக்குக் காய்ச்சல். அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கண்டக்டர் நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. பையில் சீட்டு போய்வருவதைப் பார்த்து, எழுதுகிறது அக்காதான் என்று அவராகவே ஊகித்துவிட்டார். "என்னாங்க, இன்னைக்கு நீங்களே வந்துட்டீங்க? பெரிய பாப்பா அங்க எழுதறதும் அவுரு இங்க எழுதறதும், நான்தான் போஸ்ட்மேன் வேலை பாக்கறன்" என்று சிரித்திருக்கிறார். இதைப் பல வருஷம் கழித்து அம்மா எனக்குச் சொன்னாள்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது அக்கா துணி துவைக்கப் போயிருந்தாள். அவர் பையைப் பிரித்தார். சீட்டு இருந்தது. நேராகப் போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அதில் நாலு. மொத்தம் ஐந்து சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, நான் போர்வைக்குள் படுத்திருந்த இடத்துக்கு வந்து குந்தினார். ஒரு சீட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கண்ணு, இதுல என்னா எழுதியிருக்குது, படி."

என் வயதுக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். கூட்டிப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் அந்தச் சீட்டின் முதல் வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. தினமும் வகுப்பில் எழுந்து நின்று சொல்கிற வார்த்தை. 'சார்'. மூன்றே எழுத்து.

நான் அக்காவின் தலையை நினைத்துக்கொண்டேன். சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும் என்று நாமெல்லாம் நம்பிய வயது அது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுப்பா."

"ஒரு எழுத்துகூடவா தெரியாது?"

"ஒண்ணுகூடத் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பொய் சொல்கிறது என்றால் மறைக்கிற மாதிரிதான் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார். சீட்டுகளை மடித்து அண்டர்வேர் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். இரண்டு கடை தள்ளி மருந்துக்கடைக்காரர். பத்து நிமிஷ வேலை. ஆனால் அது காதல் கடிதமாக இருந்துவிட்டால், படித்தவர் வாயை எப்படி அடைப்பது? குடும்ப மானம் தெருவுக்கு வந்துவிடாதா? அதுதான் அவர் பயம். அக்காவையே கேட்கலாமே என்று அம்மா சொன்னாளாம். "கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா அப்புறம் நீ என்னா பண்ணுவ?" என்றாராம் அப்பா. தடவிப் பார்க்காமல் ஒரு கார்ப்பரேட்டரைக்கூட வெளியே அனுப்புகிறவர் இல்லை அவர். பெற்ற மகளை மட்டும் அப்படி அனுப்பினார்.

ஆடி பிறந்தால் கல்யாணம் கூடாது. ஆனி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நின்றார். அவசரத்துக்கு மாப்பிள்ளை எங்கே போய்த் தேடுவது? கைக்குள்ளேயே மாமா இருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தன் அக்கா மகளைக் கட்டுவது புதிதா என்ன. மாமாவுக்கு முப்பது வயது. ஏழெட்டு ஏக்கர் நிலம், மாந்தோப்பு, நாலு மாடு. குடி கிடையாது, கோபம் கிடையாது. நல்ல மனுஷன். இந்தக் கதையில் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்காததுதான் எனக்கு இன்றைக்கும் சங்கடம்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அலமாரியில் இருந்த விண்ணப்பத்தைத் தேடினாள். காணோம். அம்மாவைக் கேட்டாள், அம்மா அழுதாள். அப்பாவிடம் போய் நின்று, "பாலிடெக்னிக் பாக்கலாம்னு சொன்னீங்களேப்பா" என்றாள். அவர் ஒரு கார்ப்பரேட்டரைத் துடைத்தபடியே, நிமிராமல், "மாமன் நல்லவன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தாலி கட்டும்போது அக்கா அழவில்லை. அவள் முகம், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. எனக்குப் புதுப் பாவாடை கிடைத்த சந்தோஷத்தில் நான் பந்தியில் ஓடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போல இருக்கிறது.

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அக்கா வந்தாள். வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெளிர்பச்சை நிறம், தலை உருண்டை, குட்டிக் கார். இன்ஜின் ஓடுவதே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒருவர் இறங்கினார். தலை முழுக்க நரை. அறுபதைத் தொட்ட வயது. வேட்டிக்கு மேல் கிரீஸ் கறை படிந்த சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"சார், நான்தான் அத்திப்பள்ளி மெக்கானிக்கு. உங்கள ஒரு தடவையாவது பாக்கணும்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கினே இருந்தேன்," என்றார் கன்னட வாடையோடு. "இந்தக் காடி பாருங்க. மூணு வருஷம் நின்னுபோன காடி. நீங்க எழுதினீங்களே, நீல ஸ்பிரிங்கு, அப்புறம் ஊசி மாத்துன்னு, அதால ஓடுது சார். இப்ப எல்லாம் இவ்ளோ சரியா யாரு எழுதறாங்க? உங்க சீட்டு அத்தனையும் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். பேரன் பசங்ககிட்ட காட்டறேன், பாருடா எழுத்துன்னா இப்படி இருக்கணும்னு."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்காவும் நானும் நின்றிருந்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. என் கையைக் கிள்ளினாள். நானும் கிள்ளினேன்.

அப்பாவின் முகத்தை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. காபி குடிக்கச் சொல்லக்கூட மறந்துபோய் நின்றார். அந்தப் பெரியவரின் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகும் காரின் சத்தம் அடங்கும்வரை ரோட்டில் நின்றார்.

உள்ளே வந்தவர் அக்காவின் எதிரில் வந்து நின்றார். அக்கா அவரைக்காயை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். திட்டுவார் என்று பயம் அவளுக்கு.

"கோச்சுக்காதீங்கப்பா. நீங்க சொன்னதோட ரெண்டு எழுத்து சேத்து எழுதி அனுப்பினேன், அவ்ளோதான். நீங்க எழுதினதாத்தான் அவரு நெனச்சுக்கிட்டாரு."

"ம்," என்றார் அப்பா.

கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து 'டக்' என்று கேட்டது. பிறகு மறுபடி 'டக்'. சாயங்காலம் வரை ஒரே பிஸ்டனைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "உங்கப்பனுக்கு என்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். அக்கா, "எம்மேல கோவம்" என்றாள். ஆடி முடிந்ததும் மாமா வந்து அவளைக் கல்லாவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கூசுகிறது. நான் பத்தாவது முடித்தபோது அப்பாவே கிருஷ்ணகிரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். மெக்கானிக்கல். நான் கேட்கவே இல்லை. படித்தேன். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அக்காவின் நாற்காலியில் போய் நான் உட்கார்ந்தேன். அவள் கல்லாவியில் மாடு கறந்தாள், களை எடுத்தாள், மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். அம்மா சாகும் முன் எனக்கு மட்டும் நடந்ததைச் சொன்னாள். நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி பார்த்தால், 'என்னைத்தான் முதலில் கேட்டார்' என்று சொல்லப் பயம்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. சென்ற மாதம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்று கொட்டகையைப் பிரித்தோம். அவருடைய இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு பாலிதீன் உறை. அதில் ஐந்து சீட்டுகள். அவற்றோடு மடித்து வைத்த அந்தப் பாலிடெக்னிக் விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில், கோணல்மாணலாக, அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். எப்போது போட்டார் என்று தெரியவில்லை. போட்டு என்ன பயன் என்று தெரிந்தே போட்டிருப்பார்.

உறையை எடுத்துக்கொண்டு மறுநாளே கல்லாவிக்குப் பஸ் ஏறினேன். மாமா தோட்டத்தில் இருந்தார். அக்கா மாட்டுத் தொழுவத்தில். எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் சொன்னது, அப்பா பயந்தது, என்னைப் படிக்கச் சொன்னது, நான் தெரியாது என்றது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சீட்டைப் படித்தாள். 'சார், நீல ஸ்பிரிங் போட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது. நன்றி. இன்னொன்று அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லவும்.' ஐந்திலும் இதே மாதிரிதான். ஐந்திலும் முதல் வார்த்தை 'சார்'.

"அந்த ஒரு வார்த்தையைப் படிச்சிருந்தேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நான்தானடி சத்தியம் வாங்கினேன்," என்றாள். விண்ணப்பத்தைப் பிரித்து அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவினாள். பிறகு திடீரென்று, "அப்ப அதுக்குத்தான் கேட்டாரா?" என்றாள்.

"என்னத்தைக் கேட்டாரு?"

வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுவருவார் அப்பா. அரிசி, வெல்லம், கரும்பு, புடவை. கூடவே சாக்கில் சுற்றிய ஒரு கார்ப்பரேட்டர். அதை அக்காவின் எதிரில் வைத்து, "இது எதுக்குள்ளதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீ பாத்துச் சொல்லு" என்பாராம். ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னாராம்.

"அவுரு வாயில தெரியலன்னு வருமாடி? நான் அவுருக்கு வயசாயிட்டுது, மறதி வந்துட்டுதுன்னு நெனச்சேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னேன். கோவமும் இருந்துச்சு. என்னைய இங்க அனுப்பிட்டு இப்ப வந்து என்னாத்துக்குக் கேக்கறீங்கன்னு. வெச்சுட்டுப் போங்கப்பா, அப்புறம் பாக்கறேன்னு சொல்லுவேன். ஒரு தடவைகூடப் பாக்கல. அவுரு கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போயிடுவாரு."

எல்லாம் தொழுவத்துப் பரணில் கிடந்தன. சிலதை மாமா பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவனிடம் போட்டுவிட்டாராம். மிச்சம் ஏழு. நான் ஏணியில் ஏறிச் சாக்கை இறக்கினேன். வைக்கோல் தூசியும் எலிப் புழுக்கையும். அக்கா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய புடவைக் கிழிசலால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். முதல் ஒன்றை எடுத்து இரண்டு விரலை உள்ளே விட்டாள். நகத்தோடு நின்றுவிட்டது. காட்டு வேலை செய்து காய்த்துத் தடித்துப்போன விரல்கள். எடுத்து அவற்றையே பார்த்தாள். பிறகு மூடியின் தகட்டைத் தேய்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எழுத்துகளைப் படித்தாள்.

"ஒண்ணரைங்கப்பா," என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. அடுத்ததை எடுத்தாள். "இது ஒண்ணேகாலு. சிவப்பு ஸ்பிரிங்குங்கப்பா." அதற்கு அடுத்தது மொட்டை. அதையும் சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவளுக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. ஆறுக்கும் பதில் சொன்னாள்.

ஏழாவதில் தகடு இல்லை. ஊசி துருப்பிடித்து எழுத்து அழிந்திருந்தது. ஸ்பிரிங்கில் நிறம் போயிருந்தது. பிஸ்டன் இறுகி, தூக்கினால் வரவில்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். பழைய அக்கா என்றால் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்குத் தெரியலைங்கப்பா," என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அக்கா அழுதாள்.